கிருஷ்ணகிரியிலிருந்து காரில் கிளம்பினால்: மூன்று மாநிலம், ஒரு யூனியன் பிரதேசம்

கேள்வி இது: "சொந்த ஊர் அரூர், வேலை ஓசூரில். அப்பா, அம்மா, மனைவி, ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் எல்லாரும் சேர்ந்து சொந்தக் காரில் மூன்று நாள் போக வேண்டும். ஏற்காடு, ஊட்டி, மைசூர் அரண்மனை எல்லாம் பார்த்தாயிற்று. தமிழ்நாடு, கர்நாடகா, ஆந்திரா, முடிந்தால் புதுச்சேரி என்று மாநிலம் விட்டு மாநிலம் போகிற மாதிரி வழி சொல்லுங்கள். எது போக வேண்டிய இடம், எது வெறும் பேர்?"

இதற்குப் பெரும்பாலோர் செய்வது, மேப்பைத் திறந்து முந்நூறு கிலோமீட்டருக்குள் வருகிற மலை, அருவி, கோயில் அத்தனையையும் பொறுக்கிப் பட்டியல் போடுவது. இரண்டாம் நாள் சாயங்காலமே பிள்ளை "இன்னொரு கோயிலா?" என்று கேட்டுவிடும். நான் சொல்கிற வழி, ஏதாவது ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு அது போகிற இடமெல்லாம் போவது. ஓர் ஆறு, ஒரு பழைய சண்டை, ஒரு சுரங்கம், எதுவானாலும் சரி. நம் பக்கத்தில் இது சுலபம், ஏனென்றால் இங்கே எதுவும் மாநில எல்லையோடு நிற்பதில்லை. தர்மபுரி 1965 வரை சேலம் மாவட்டம், கிருஷ்ணகிரி 2004 வரை தர்மபுரி மாவட்டம். அதற்கெல்லாம் முன்னால் இது பாராமகால், மைசூர்க்காரர் கையில் இருந்த சீமை. ஓசூர்ச் சந்தையில் மூன்று மொழியிலும் பேரம் நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

கிருஷ்ணகிரியின் இன்னொரு வசதி அதன் சாலைகள். காஷ்மீர்-கன்னியாகுமரி 44ஆம் எண் சாலையும், டெல்லி-சென்னை 48ஆம் எண் சாலையும் இங்கேதான் பிரிகின்றன. 77ஆம் எண் சாலை இங்கே தொடங்கி ஊத்தங்கரை, திருவண்ணாமலை, செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகிறது. இந்த மூன்றும் எல்லாருக்கும் தெரியும். நாலாவதாக ஒன்று இருக்கிறது, யாரும் கண்டுகொள்வதில்லை: 42ஆம் எண் சாலை. கிருஷ்ணகிரியில் தொடங்கி குப்பம், பலமநேர், மதனப்பள்ளி, கதிரி, அனந்தபூர் என்று ராயலசீமையை ஊடுருவிப் போகிறது. உங்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் சாலையைத்தான்.

காலையில் ஆறு மணிக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குள் குப்பம். முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவின் தொகுதி என்பதால் செய்தியில் அடிக்கடி அடிபடும் ஊர், ஆனால் கடைத்தெருவில் தமிழ் பேசியே வேலையை முடித்துவிடலாம். 1997இல் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகம் இங்கேதான். டிபன் சாப்பிட்டுவிட்டு பலமநேர் சாலையில் போனால், வழியில் கைகல் கிராமத்தின் பக்கம் ஓர் அருவி இருக்கிறது, துமுகுராள்ளு என்பார்கள். கவுண்டின்யா யானைச் சரணாலயத்துக் காட்டுக்குள் இருக்கிற இடம். மழை முடிந்த கையோடு போனால் நல்ல தண்ணீர். பாறை வழுக்கும், அப்பா அம்மாவைக் கீழே இறங்க விடாதீர்கள். மார்ச்சுக்கு மேல் போகிறீர்கள் என்றால் இதை விட்டுவிட்டு நேரே போகலாம்.

பலமநேர், புங்கனூர் தாண்டி மதனப்பள்ளி. ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளி விவசாயிகளிடம் இந்த ஊரைச் சொல்லிப் பாருங்கள், உடனே அன்றைய விலையைக் கேட்பார்கள். நாட்டின் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று இங்கே இருக்கிறது. ஆனால் மகளுக்குக் காட்ட வேண்டியது வேறு. 1919 பிப்ரவரியில் தாகூர் இந்த ஊரில் அன்னி பெசன்ட் தொடங்கிய கல்லூரியில் வந்து தங்கினார். ஜன கண மன பாட்டை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதியது இங்கேதான். அதே கல்லூரியில் இருந்த மார்கரெட் கசின்ஸ் அம்மையார் உதவியோடு அதன் மெட்டுக்கு இசைக்குறிப்பும் எழுதப்பட்டது. தினமும் பள்ளியில் பாடுகிற பாட்டு ஒரு ஊரோடு ஒட்டிக்கொள்வது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தத்துவ அறிஞர் ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊரும் இதுதான், 1895இல். அவர் பெயரோடு சேர்ந்த ரிஷி வேலி பள்ளி பக்கத்தில் இருக்கிறது. அது பள்ளிக்கூடம், சுற்றுலா இடமல்ல, சும்மா போய்க் கதவைத் தட்ட வேண்டாம்.

மதனப்பள்ளி தாண்டினால் ஹார்ஸ்லி ஹில்ஸ். கடப்பா கலெக்டராக இருந்த ஹார்ஸ்லி என்ற வெள்ளைக்காரர் கோடைக்கு வீடு கட்டிக்கொண்ட மலை, நாலாயிரம் அடிக்குமேல் உயரம். பழைய பெயர் ஏனுகு மல்லம்மா கொண்டா. ஏற்காட்டைவிடச் சின்னது, படகுக் குழாம் மாதிரி கூட்டம் சேர்க்கிற எதுவும் பெரிதாகக் கிடையாது, ஊட்டிக் குளிரை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஆனால் பாறை விளிம்பில் நின்று பார்த்தால் ராயலசீமையின் வறண்ட சமவெளி முழுவதும் தெரியும். முதல் ராத்திரி இங்கே தங்கலாம். அறைகள் குறைவு, சனி ஞாயிறு என்றால் முன்பே பதிந்துகொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் கதிரி. லட்சுமி நரசிம்மர் கோயில் இருக்கிறது, அம்மா அப்பாவுக்கு ஆகும். எனக்கு அதைவிட முக்கியம் கதிரியிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டரில் இருக்கிற திம்மம்மா மர்ரிமானு. ஓர் ஆலமரம். ஒரே மரம் ஐந்து ஏக்கருக்குக் குறையாமல் பரந்து நிற்கிறது, 1989இல் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. உள்ளே நடந்தால் எது தாய் மரம், எது விழுது என்று கண்டுபிடிக்க முடியாது. பதினைந்தாம் நூற்றாண்டில் கணவனோடு உடன்கட்டை ஏறிய திம்மம்மா என்ற பெண்ணின் சிதைக்கு நட்ட கம்பு துளிர்த்து மரமானது என்பது கதை. குழந்தை இல்லாதவர்கள் வந்து வேண்டிக்கொள்கிறார்கள். சாப்பாட்டுக் கடை எதையும் நம்பிப் போகாதீர்கள், கதிரியிலேயே கட்டிக்கொண்டு போய்விடுங்கள். தெலுங்கு படித்தவர்கள் யாராவது கூட வந்தால் கதிரிக்குப் பக்கத்திலேயே கடருபள்ளியில் கவி வேமனாவின் சமாதி இருக்கிறது என்பதையும் சொல்லி வைக்கிறேன். நம் வீடுகளில் குறள் சொல்கிற மாதிரி அவர்கள் வீட்டில் வேமனா பாட்டுச் சொல்வார்கள்.

அங்கிருந்து கோரண்ட்லா, ஹிந்துபுரம் வழியாக லேபாட்சி. கோயில் பார்த்து அலுத்தவர்கள்கூட இங்கே ஒன்றரை மணி நேரம் நிற்பார்கள். பதினாறாம் நூற்றாண்டு, விஜயநகரத்து அச்சுதராயர் காலம். விருபண்ணா, வீரண்ணா என்ற சகோதரர்கள் கட்டிய வீரபத்திரர் கோயில். மண்டபத்து விதானம் முழுக்க ஓவியம். அதில் வருகிற பெண்களின் சேலைக் கரைகளைப் பாருங்கள், அந்தக் கோலங்களை இன்றைக்கும் நெசவில் பார்க்கலாம். பின்னால் ஏழு தலை நாகம் குடைபிடித்த லிங்கம், முடிக்காமல் விட்ட கல்யாண மண்டபம், ஊர் எல்லையில் இருபத்தைந்து அடிக்குமேல் நீளமான ஒரே கல் நந்தி. 2022இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது.

எல்லாரும் கூட்டமாக நிற்பது தொங்கும் தூணின் கீழேதான். தரையைத் தொடாமல் நிற்கிற தூணுக்கடியில் துண்டை விட்டு மறுபக்கம் இழுப்பார்கள். இதைப் பார்க்க ஆந்திரா வரை வர வேண்டுமா என்று தர்மபுரிக்காரர் யாராவது கேட்டால் நியாயம்தான். தர்மபுரி கோட்டைக்கோயிலிலேயே, மல்லிகார்ஜுனேஸ்வரர் காமாட்சி அம்மன் சன்னதிகள் இருக்கிற இடத்தில், தரையில் முழுதாகப் படாத தூண் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ தூரம். அந்தக் கோயில் நொளம்பர் கலை. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டில் தகடூரை, அதாவது பழைய தர்மபுரியை, ஆண்ட நொளம்பர்களின் தலைநகரம் ஹேமாவதி, அது லேபாட்சி இருக்கிற அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. கிளம்புவதற்கு முந்தின நாள் தர்மபுரித் தூணைப் பார்த்துவிட்டு லேபாட்சித் தூணைப் பாருங்கள். உங்கள் மகள் மறக்க மாட்டாள்.

இரண்டாம் ராத்திரி ஹிந்துபுரத்தில் தங்கல். மூன்றாம் நாள் 44ஆம் எண் சாலையைப் பிடித்து பாகேபள்ளி வழியாக சிக்கபள்ளாபூர். நந்தி மலைக்குமேல் போவதைப் பற்றி எனக்குப் பெரிய உற்சாகம் இல்லை. சூரியோதயம் பார்க்க பெங்களூரே கிளம்பி வந்து மலைப்பாதையில் வரிசை கட்டி நிற்கும். அடிவாரத்தில் இருக்கிற போகநந்தீஸ்வரர் கோயில் வேறு விஷயம். ஒன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி நொளம்பர், கங்கர், சோழர், ஹொய்சளர், விஜயநகரத்தார் என்று வந்தவரெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்த கோயில். குளத்தங்கரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது.

இந்த நந்தி மலைத்தொடருக்கும் நமக்கும் இன்னொரு சம்பந்தம் உண்டு. தென்பெண்ணை பிறப்பது இங்கே. வட பெண்ணையும் இதே மலைகளில் பிறந்து வடக்கே ஓடி, கண்டிக்கோட்டையில் பாறையைப் பிளந்துகொண்டு, நெல்லூரில் கடலில் சேர்கிறது. பாலாறும் பக்கத்துக் கோலார்ச் சீமையில் பிறந்து குப்பத்தைத் தொட்டு வாணியம்பாடி, வேலூர் என்று போகிறது. ஒரே மேட்டு நிலத்தில் பிறந்து மூன்று மாநிலத்துக்கும் பிரிந்து போன ஆறுகள். தென்பெண்ணையை மட்டும் பிடித்துக்கொண்டு கெலவரப்பள்ளி அணை, கே.ஆர்.பி. அணை, சாத்தனூர் அணை, கடலூர் என்று கடல் வரை போவது நல்ல யோசனை மாதிரித் தோன்றும். ஆனால் பெங்களூர்ச் சாக்கடை முழுவதும் அதில் கலந்து, கெலவரப்பள்ளியில் நுரை பொங்குவதை ஓசூரில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாத்தனூருக்குக் கீழே போனால்தான் அது ஆறு மாதிரி இருக்கும்.

சிக்கபள்ளாபூரிலிருந்து பெங்களூருக்குள் நுழையாமல் சிந்தாமணி வழியாகக் கோலார் வந்துவிடுங்கள். கோலாரில் கோலாரம்மன் கோயில், சோழர் கல்வெட்டு உள்ளது. நேரமிருந்தால் முள்பாகல் தோசை. அப்புறம் கே.ஜி.எஃப்., அதாவது கோலார் தங்க வயல்.

சினிமாவில் காட்டியதை எதிர்பார்த்து அங்கே போகாதீர்கள். சுரங்கத்துக்குள் யாரையும் விடுவதில்லை. பாரத் கோல்டு மைன்ஸ் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்குமேல் ஆழம் போனது, ஒரு காலத்தில் உலகத்திலேயே ஆழமான சுரங்கங்களில் ஒன்று. பார்ப்பதற்கு இருப்பது வெளியே இருக்கிறவைதான்: தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண் மலை மலையாக நிற்கிறது, உள்ளூரில் சைனைடு மேடு என்பார்கள். வெள்ளைக்கார மேலாளர்களின் பங்களாக்கள், தேவாலயங்கள், தொழிலாளர் லைன் வீடுகள். லைன் வீடுகளில் இன்றைக்கும் தமிழ்தான். வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அன்றைக்கு சேலத்தில் இருந்ததால், அந்தத் தெருக்களில் நம் பக்கத்து ஊர்ப் பெயர் சொல்கிற வயசாளிகள் கிடைக்கிறார்கள். சுரங்கம் மூடிய பிறகு பாதிப்பேர் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் வேலை பார்த்துவிட்டு ராத்திரி திரும்புகிறார்கள். டீக்கடையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் எந்த மியூசியமும் சொல்லாததைச் சொல்வார்கள். சைனைடு மேட்டில் பிள்ளையை ஏற விடாதீர்கள், காற்றடித்தால் அந்தத் தூசி நல்லதல்ல.

பக்கத்தில் கம்மசந்திராவில் கோடிலிங்கேஸ்வரர் இருக்கிறது, 108 அடி லிங்கமும் சுற்றி லட்சக்கணக்கில் சின்ன லிங்கங்களும். அம்மாவுக்குப் பிடிக்கும், எனக்கு அவ்வளவாக இல்லை. அங்கிருந்து குப்பம் வழியாகவோ பேத்தமங்கலம் பக்கமாகவோ சாயங்காலத்துக்குள் கிருஷ்ணகிரி திரும்பிவிடலாம். இது ஒரு முழு வட்டம், மூன்று நாள், பெங்களூர் டிராஃபிக் ஒரு நிமிஷம்கூட கிடையாது. ஐந்து நாள் கிடைக்கிறவர்கள் கதிரியிலிருந்து இன்னும் வடக்கே கண்டிக்கோட்டையையும் பேலம் குகைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். பேலம் குகை 3,229 மீட்டர் நீளம், அதில் ஒன்றரை கிலோமீட்டர் போல நமக்குத் திறந்திருக்கிறது. உள்ளே புழுக்கம் அதிகம், மூச்சுத் தொந்தரவு இருக்கிற பெரியவர்களை மேலேயே உட்கார வைத்துவிடுங்கள்.

இரண்டாவது நூல் காவிரி. இது தர்மபுரியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு. ஒகேனக்கல் உங்களுக்குப் புதிதல்ல, அதனால் இரண்டு வார்த்தை மட்டும்: தண்ணீர் வரத்து கூடிவிட்டால் பரிசலுக்கும் குளிப்பதற்கும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும், ஜூலை, ஆகஸ்டில் கிளம்பும்முன் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அந்தப் பாறை கார்பனடைட் என்ற அரிய வகை, எண்ணெய்த் தேய்ப்பும் மீன் வறுவலும் முடிந்த பிறகாவது அதையும் ஒரு பார்வை பாருங்கள். ஒகேனக்கலிலிருந்து பென்னாகரம் வந்த வழியே திரும்பாமல் நாட்றாம்பாளையம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூர் வருகிற காட்டுச் சாலை இருக்கிறது, பகலில் அருமையான பயணம். இருட்டினால் வேண்டாம். ராகி அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் இந்தக் காடுகளுக்குள் வந்துவிடும்.

காவிரியோடு மாநிலம் தாண்ட வேண்டுமென்றால் தொப்பூர் இறங்கி மேச்சேரி வழியாக மேட்டூர். 1934இல் முடிந்த அணை, 120 அடி. நீர்மட்டம் நன்றாக இறங்கியிருக்கிற வருஷங்களில் பண்ணவாடி பக்கம் மூழ்கிக் கிடக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்துக் கோபுரமும் வெளியே தெரியும். அணை நிரம்பினால் நாடே கொண்டாடும், காலியானால் அந்த நந்தியைப் பார்க்கக் கூட்டம் போகும். கொளத்தூர் தாண்டிப் பாலாற்றில் (இது வேலூர்ப் பாலாறு அல்ல) கர்நாடக எல்லை, அதற்குமேல் மாதேஸ்வரன் மலை. நம் மாவட்டத்திலிருந்து எத்தனையோ குடும்பங்களுக்கு மாதேஸ்வரன் குலதெய்வம் மாதிரி, அமாவாசைக்கும் சிவராத்திரிக்கும் போனால் நிற்க இடம் இருக்காது. சாதாரணமான வாரநாளில் போங்கள்.

மலையிறங்கினால் ஹனூர், கொள்ளேகால், பிறகு சிவனசமுத்திரம். ககனசுக்கி, பரசுக்கி என்று காவிரி இரண்டாகப் பிரிந்து விழுகிற இடம். ஆகஸ்டு, செப்டம்பரில் பார்த்தால் ஒகேனக்கல் சின்னதாகத் தெரியும். 1902இல் இங்கே எடுத்த மின்சாரம் போன இடம் எது தெரியுமா? ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பியில் கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்துக்கு. பெங்களூர்த் தெருவிளக்கு எரிவதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே சுரங்கத்துக்கு மின்சாரம் போய்விட்டது. அங்கிருந்து தலக்காடு, சோமநாதபுரம். சோமநாதபுரத்துக் கேசவர் கோயில் பதின்மூன்றாம் நூற்றாண்டு ஹொய்சளர் வேலை, பேலூர், ஹளேபீடோடு சேர்ந்து 2023இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அந்த இரண்டில் இருக்கிற கூட்டம் இங்கே இருக்காது.

மூன்றாவது, கோட்டைகள். இதற்குப் பெரியவர்களைக் கூட்டிப் போக முடியாது, நண்பர்களோடு போகிறவர்கள் படியுங்கள். கிருஷ்ணகிரி ஊருக்கு மேலே நிற்கிற சையத் பாஷா மலைக் கோட்டையை 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் என்ற கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) தளபதி பிடிக்கப் பார்த்தான். பேட்டையையும் கீழ்க்கோட்டையையும் பிடித்தான், மேலே இருந்தவர்கள் கல்லை உருட்டிவிட்டே துரத்திவிட்டார்கள். அதே வருஷம் ஜூலையில் ராயக்கோட்டை விழுந்துவிட்டிருந்தது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு கையெழுத்துப் போட்ட உடன்படிக்கையில்தான் பாராமகால் கும்பினிக்குப் போனது. கேப்டன் ரீட், அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ, இருவரும் இங்கே வந்து நிலத்தை அளந்து, விவசாயியிடமே நேராக வரி வாங்குகிற ரயத்துவாரி முறையைத் தொடங்கினார்கள். இன்றைக்கு உங்கள் கையில் இருக்கிற பட்டாவின் கதை அங்கே ஆரம்பிக்கிறது. ஆக கிருஷ்ணகிரிக் கோட்டை, ராயக்கோட்டை, பெங்களூர்க் கோட்டை, அங்கிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் என்று போனால் ஒரே சண்டையின் நாலு இடம் கிடைக்கும். தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்புவின் பக்கத்துப் பார்வையில் வரைந்த போர் ஓவியம் இருக்கிறது. 1799 மே 4ஆம் தேதி அவர் விழுந்த இடத்தில் ஒரு சின்னக் கல் மட்டும். கிருஷ்ணகிரிக் கோட்டைக்கு விடிந்தவுடன் ஏறிவிட வேண்டும், ஒன்பது மணிக்குமேல் பாறை சுடும். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே கடை கிடையாது. போகிற வழியில் ஓசூர்ப் பக்கம் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. அரைமணி நேரம் போதும்.

கிழக்கே 77ஆம் எண் சாலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நீங்கள் அரூர்க்காரர், திருவண்ணாமலைக்கு உங்களுக்கு நான் வழி சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் பௌர்ணமிக்குப் போய்க் கிரிவலம் முடித்துத் திரும்பிவிடுகிறவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டினால் செஞ்சி. 2025 ஜூலையில் மராட்டியரின் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள், மகாராஷ்டிரத்துக்கு வெளியே அதில் சேர்ந்த ஒரே கோட்டை செஞ்சி. ராஜகிரி ஏறுவது கடினம். அங்கே இன்னொரு குன்றுக்குக் கிருஷ்ணகிரி என்றே பெயர், கிருஷ்ணகிரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வந்தேன் என்று படம் எடுத்துப் போடலாம். அங்கிருந்து திண்டிவனம், புதுச்சேரி. யூனியன் பிரதேசக் கணக்கும் தீர்ந்துவிடும்.

சென்னைச் சாலையில் வேலூர்க் கோட்டையும் ஆம்பூர்ப் பிரியாணியும் எல்லாரும் சொல்வது. நான் சேர்ப்பது காவலூர். திருப்பத்தூர், ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் ஏறினால் வைணு பாப்பு வானாய்வகம். 1986இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. 1988இல் இங்கிருந்து கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் வைத்திருக்கிறார்கள். பொதுமக்களை எந்த நாளில், எத்தனை மணிக்கு அனுமதிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போங்கள், மேகம் இருந்தால் ஒன்றும் தெரியாது.

இனி வண்டி சமாசாரம். சொந்தக் கார் என்றால் மூன்று மாநிலத்திலும் தனி பெர்மிட் தேவையில்லை. மஞ்சள் போர்டு வண்டி எடுப்பதானால் பெர்மிட்டுக்கு யார் பொறுப்பு என்று முதலிலேயே பேசிவிடுங்கள், எல்லையில் நின்று பேசினால் சண்டைதான் வரும். சுங்கத்துக்கு 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாயில் தொடங்கிய ஃபாஸ்டாக் வருடாந்திர பாஸ் இருக்கிறது, தேசிய நெடுஞ்சாலையில் 200 தடவை கடக்கலாம். 44ஆம் எண் சாலையிலேயே கிடக்கிற உங்களைப் போன்ற ஓசூர்க்காரர்களுக்கு லாபம். மாநிலச் சாலைச் சுங்கத்தில் அது செல்லாது.

தொப்பூர் இறக்கத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். தர்மபுரியிலிருந்து சேலம் போகிற பக்கம் நீண்ட இறக்கம், பிரேக் சூடான லாரிகள் பின்னாலிருந்து வந்து மோதுவதுதான் அங்கே நடக்கிற விபத்துகளில் பெரும்பாலானவை. நியூட்ரலில் விடாதீர்கள், கியரைக் குறைத்து இடது ஓரமாக இறங்குங்கள், எந்த லாரிக்கும் முன்னால் போய்ப் பிரேக் போடாதீர்கள். பந்திப்பூர் வழியாக எங்காவது போனால் ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை காட்டுச் சாலை மூடியிருக்கும். நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வந்துவிட்டது.

சாப்பாட்டுக்கு ராயலசீமையில் காரம் தூக்கலாக இருக்கும், பிள்ளைக்குத் தயிர்சாதம் தனியாகச் சொல்லிவிடுங்கள். சங்கடி என்று போர்டு பார்த்தால் தயங்காமல் நிறுத்துங்கள், அது நம் ராகிக் களிதான், கூட வருகிற நாட்டுக்கோழிக் குழம்புதான் விசேஷம். தர்மபுரி நிப்பட் இரண்டு பாக்கெட் வண்டியில் இருக்கட்டும்.

உங்கள் குடும்பத்துக்கு என்று கேட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு முதல் வட்டத்தைச் சொல்வேன்: குப்பம், ஹார்ஸ்லி, கதிரி, லேபாட்சி, கே.ஜி.எஃப். நவம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடிய போங்கள். கோடை விடுமுறையில்தான் முடியும் என்றால் இந்த வழி வேண்டாம், ஏப்ரல், மே மாதத்தில் கதிரி வெயிலை அப்பா அம்மா தாங்க மாட்டார்கள். அப்போது மாதேஸ்வரன் மலை, சோமநாதபுரம் வழியைப் பிடித்து, திரும்பும்போது மைசூர் எக்ஸ்பிரஸ்வேயில் வாருங்கள், அதில் நூறுக்குமேல் போனால் கேமரா பிடித்துவிடும். வீடு வந்து சேரும் நாளில் கிருஷ்ணகிரியில் மாம்பழச் சீசன் தொடங்கியிருக்கும், ஒரு பெட்டி வாங்கப் பின்சீட்டுக்கடியில் இடம் விட்டு வையுங்கள்.